அத்தை வீட்டுக் கம்ப்யூட்டரும் நடுராத்திரி வெளிச்சமும்

அத்தை: நேற்றும் அதே கதைதான். ராத்திரி இரண்டரைக்கு ஹாலில் வெளிச்சம். போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் தானாக ஓடுகிறது. இந்த மாதம் மூன்றாவது தடவை.

சித்தப்பா: வாசலில் எலுமிச்சம்பழம் கட்டு அக்கா 😀

அத்தை: உனக்குச் சிரிப்பு. அம்மா அதற்கப்புறம் தூங்கவே இல்லை.

நான்: அத்தை, ஷட் டவுன் கொடுக்கிறீர்களா, திரை கறுத்ததும் விட்டுவிடுகிறீர்களா? ஸ்லீப்பில் இருந்தால் மவுஸ் அசைந்தாலே எழுந்துவிடும்.

அத்தை: ஷட் டவுன்தான்டா. சிபியூ விளக்கு அணைந்த பிறகுதான் படுப்பேன்.

அண்ணன்: நெட்வொர்க் கேபிள் வழியாகவும் எழுப்பலாம், வேக் ஆன் லேன் என்று ஒன்று உண்டு. கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

அத்தை: கேபிளே கிடையாது. வைஃபை குச்சிதான்.

அத்தை: அம்மா சொல்கிறாள், முதலில் ஃபேன் நின்றதாம், கொசு பிடுங்கியதாம். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, கூடவே அந்த டப்பாவும் உறுமியதாம்.

நான்: பாட்டி கண்டுபிடித்துவிட்டார்! கரண்ட் திரும்பி வரும்போதுதான் எழுகிறது. ஒரு சோதனை: இப்போது ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் பட்டனைத் தொடக்கூடாது.

சித்தப்பா: கரண்ட் போனால் தாங்குமே, அந்த யுபிஎஸ் என்ன ஆயிற்று?

அத்தை: அதன் பேட்டரி போன வருஷமே போய்விட்டது. இப்போது கால் வைக்கும் பலகை.

அத்தை: டேய், சுவர் சுவிட்சைப் போட்டதும் தானாக ஆன் ஆகிவிட்டது! தேதி 2012 என்று காட்டுகிறது. பேங்க் பக்கமும் திறக்கவில்லை.

நான்: தேதியும் மாறுகிறதா? அப்படியானால் மூலகாரணம் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கியப் பலகையில், அதாவது மதர்போர்டில், காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது தேதியையும் பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்புகளையும் அதுதான் காப்பாற்றும். அது செத்துவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் எல்லாம் மறந்துவிடும். சில போர்டுகள் அந்த நிலையில் கரண்ட் வந்ததுமே எழுந்துகொள்ளும்.

அண்ணன்: பயாஸில், கரண்ட் போய் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் 'ஏசி பவர் லாஸ்' என்ற இடத்தில் 'பவர் ஆஃப்' வைத்தால் போதாதா?

நான்: வைக்கலாம், ஆனால் செத்த பேட்டரியோடு வைத்தால் அடுத்த கரண்ட் கட்டில் அதுவும் போய்விடும். முதலில் பேட்டரி, அப்புறம்தான் பயாஸ். ஆன் ஆகும்போதே டெலிட் அல்லது எஃப்2 சாவியைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே போகலாம். அதுவரை ராத்திரி சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள் அத்தை.

சித்தப்பா: கடைத்தெருவுக்குத்தான் போகிறேன். பேட்டரி வாங்கி வந்து நானே மாற்றித் தருகிறேன்.

நான்: பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள் சித்தப்பா. எழுத்து பொறித்த பக்கம் மேலே இருக்கவேண்டும்.

(மறுநாள்)

அத்தை: மாற்றியாயிற்று, பயாஸிலும் தம்பி வைத்துவிட்டான். மதியம் கரண்ட் போய் வந்தது, அசையவில்லை. அம்மாதான் இன்னும் நம்பவில்லை, டப்பாவைத் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

நான்: துண்டை எடுக்கச் சொல்லுங்கள் அத்தை, சூடேறிவிடும்.