விலங்குத் தடம் பார்த்துப் பழகிய நாட்களில் எது உங்களை ஏமாற்றியது?

கோத்தகிரி:
சென்ற ஜூலையில் மழை விட்ட ஒரு காலையில், தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் சின்னதாக ஒரு வெறுங்கால் தடத்தைக் கண்டு, லைன் வீட்டுப் பிள்ளை எதுவோ தனியே இறங்கிப் போயிருக்கிறது என்று பதறி, கூப்பிட்டுக்கொண்டே வளைவு வரை ஓடினேன். ஐந்து விரல், நீண்ட உள்ளங்கால், குதிகால், எல்லாம் இருந்தன. பையிலிருந்த கையேட்டைத் திறக்கத் தோன்றியது அதன் பிறகுதான். விரல்கள் மனிதக் காலைப் போல் சரிந்து இறங்காமல் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றன. அவற்றுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளிகள் தெரிந்தன. கரடியின் பின்னங்கால்.

மசினகுடி:
கையேட்டில் படம் பார்ப்பது மட்டும் போதாது. பூனையினத்துக்கு நகம் பதியாது என்று படித்திருந்த நான், சீகூர் ஆற்றோரச் சேற்றில் நகக்குறியோடு கிடந்த தடத்தைக் கழுதைப்புலியுடையது என்று அடித்துச் சொன்னேன். உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் மறுத்துப் பேசாமல், உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பைச் சுள்ளியால் மெல்ல வருடிக் காட்டினார். மூன்று மடிப்பு. “சார், வழுக்குனா சிறுத்தையும் நகத்த நீட்டும்” என்றார்.

பூம்பாறை:
பூண்டு வயலில் காட்டுமாட்டுக் கன்றின் குளம்பைக் கடமானுடையது என்று குறித்து வைத்தவன் நான். அதற்கு மேல் என் கதையில் ஒன்றுமில்லை. ஆனால் மசினகுடிக்காரர் சொல்லும் மடிப்பை ஒரே தடத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. தொடர்ந்து ஐந்தாறு தடங்களையாவது பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். ஈர மண்ணில் தடம் விரிந்து பெரிதாகத் தெரியும் என்பதால் அளவை மட்டும் நம்ப வேண்டாம். தடம் பார்த்தே புலிகளை எண்ணிவந்த முறை, 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தானியங்கிக் கேமராவுக்கு இடம்விட்டதற்கு இத்தகைய பிழைகளும் காரணம். யானை மட்டும் விதிவிலக்கு: வட்டமான முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். நீள்வட்டமாக இருப்பது பின்னங்கால், அதை அளக்காதீர்கள்.

கோத்தகிரி:
நன்றி. அன்று என்னிடம் நாணயமும் இல்லை, வெயிலும் இல்லை. நான் குனிந்து பார்த்தபோது குதிகால் பள்ளத்தில் தண்ணீர் கலங்கலாக, இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.