கொலோனோஸ்கோபிக்கு முந்தின நாள்: இரண்டு தடவை குடித்த என் அனுபவம்

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்ததால் என்னையும் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கிற டெஸ்ட், செய்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை செய்ய வேண்டியதாயிற்று. டெஸ்டில் வலி இல்லை, மயக்க ஊசி போட்டதுதான் தெரியும். கஷ்டமெல்லாம் வயிற்றைச் சுத்தம் பண்ணுவதில்தான்.

முதல் தடவை போன ஆஸ்பத்திரியில் பவுடர் பாக்கெட்டோடு ஒரு ஆங்கிலத் தாளைக் கையில் கொடுத்து, "இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து ராத்திரி குடிச்சிடுங்க" என்றார்கள், அவ்வளவுதான். என்ன சாப்பிடலாம், கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நல்லதுதானே என்று முந்தின நாள் முருங்கைக்கீரைப் பொரியலும் கொய்யாப்பழமும் சாப்பிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒரேயடியாகக் குடித்ததில் நாலாவது டம்ளரிலேயே வாந்தி. உப்புக்கரிக்கிற எலுமிச்சை வாடை, கொழகொழப்பு, வயிறு கல் மாதிரி உப்பிவிட்டது. மிச்சத்தைக் குடிக்காமல் விட்டேன். மறுநாள் டாக்டர், "கொய்யா விதை ஒட்டிக்கிட்டிருக்கு, வலப்பக்கம் எதுவுமே தெரியலை, மறுபடி வரணும்" என்றார். செலவு, லீவு, பட்டினி எல்லாம் வீண். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது தடவை வேறு இடம். அங்கே ஒரு நர்ஸம்மா பத்து நிமிஷம் உட்கார்ந்து தமிழில் சொன்னார். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, விதையுள்ள பழம், எள், தக்காளி வேண்டாம். இட்லி, தயிர்சாதம் போதும். முந்தின நாள் தெளிவான தண்ணி ஆகாரம் மட்டும்: இளநீர், பால் இல்லாத டீ, வடிகட்டிய ரசத்தெளிவு. சிவப்பு நிற ஜூஸ் குடித்தால் உள்ளே ரத்தம் மாதிரி தெரியுமாம். மருந்தை இரண்டாகப் பிரித்து, சாயங்காலம் ஒரு லிட்டர், பத்து மணி டெஸ்டுக்கு விடியற்காலை நாலு மணிக்கு ஒரு லிட்டர். கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். ஃபிரிட்ஜில் வைத்து ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன், பாதி வாடை தெரியவில்லை. குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி குடிக்கச் சொன்னார், அது நன்றாகவே கேட்டது.

ஆறு மணிக்கெல்லாம் வெறும் மஞ்சள் தண்ணியாக, அடி தெரிகிற மாதிரி போனது. அப்படிப் போனால்தான் சுத்தமாகியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கலங்கலாகவோ பழுப்பாகவோ போனால் கிளம்புவதற்கு முன்பே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அப்புறம், பாத்ரூமில் டிஷ்யூ வேண்டாம், தண்ணீர் விட்டுக் கழுவி, முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எரிச்சல் தாங்காது.

சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கிட்னி பிரச்சினை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எல்லா மருந்தும் எல்லோருக்கும் ஒத்துவராது.

அந்தத் தடவை வலப்பக்கத்தில் 8 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சின்ன சதைக்கட்டி) இருந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். முதல் தடவை எதுவுமே தெரியவில்லை என்று சொன்ன அதே வலப்பக்கம்.