தினம் அரை லிட்டர் கோலா குடிப்பவர் டயட் கோலாவுக்கு மாறினால் எடை குறையுமா?

கேள்வி: செங்காந்தள்

வணக்கம். எடை குறைக்க விரும்பும் பெரியவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்புத்தாள் தயாராகிறது. எடுத்துக்காட்டாக ஒருவர்: வயது 40, எடை 85 கிலோ, சர்க்கரை நோய் இல்லை. தினம் 500 மி.லி. கோலா, கடையில் நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கோலாவை மட்டும் டயட்டுக்கு (சர்க்கரைக்குப் பதில் கலோரி இல்லாத இனிப்பூட்டிகள் சேர்த்தது) மாற்றினால் போதுமா? எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் டயட் பானத்தால் எடை குறைந்ததாகவும் சோதனைகள் இருக்கின்றன. எதை எழுதுவது?

பதில் 1: படிக்கல்

முதலில் கணக்கைப் போடுங்கள். கோலாவில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 10.6 கிராம் சர்க்கரை. 500 மி.லி.க்கு 53 கிராம், அதாவது 212 கலோரி. டீயில் எட்டு ஸ்பூன். கடை ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தாலும் 40 கிராம், 160 கலோரி. ஆக 93 கிராம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வரம்பு 50 கிராம், முடிந்தால் 25. கோலாவை முழுக்க நிறுத்தினாலும் டீயின் 40 கிராம் அப்படியே நிற்கிறது. குறிப்புத்தாளில் டீ கட்டாயம் இருக்க வேண்டும்.

குடிக்கும் சர்க்கரை ஏன் தனியாகக் கவனிக்கப்படுகிறது என்றால், வயிறு அதைச் சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதில்லை. 2000-ல் வெளியான பர்டியூ பல்கலைக்கழகச் சோதனையில் 15 பேருக்குத் தினம் 450 கலோரி நாலு வாரம் ஜெல்லி மிட்டாயாகவும், நாலு வாரம் சர்க்கரை சோடாவாகவும் கொடுத்தார்கள். மிட்டாய் தின்றபோது மற்ற உணவைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள். சோடா குடித்தபோது குறைக்கவில்லை, எடை ஏறியது. சிறிய சோதனைதான். ஆனால் 1991 முதல் 1999 வரை 50,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரைத் தொடர்ந்த ஆய்வும் அதே திசையில்தான் போகிறது: சர்க்கரை பானத்தை வாரத்துக்கு ஒன்று என்ற அளவிலிருந்து தினம் ஒன்று என்று கூட்டியவர்களுக்கே எடை அதிகம் ஏறியது.

பதில் 2: நீர்மட்டம்

முரண்பாடு போலத் தெரிவதற்குக் காரணம், டயட் பானத்தை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை விட்டுவிடுவது.

சர்க்கரை பானத்துக்குப் பதிலாக டயட் என்றால் எடை கொஞ்சம் குறைகிறது. 2023 வழிகாட்டுதலுக்காகத் தொகுத்த சோதனைகளிலேயே சராசரியாக 0.7 கிலோ குறைவு. பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் முடிந்தவை. தண்ணீருக்குப் பதிலாக டயட் என்றால் சேமிக்க அங்கே கலோரியே இல்லை. பல ஆண்டுகள் வெறுமனே கவனித்த ஆய்வுகளில் டயட் குடிப்பவர்கள் குண்டாகத் தெரிவதற்குத் தலைகீழ்க் காரணம் இருக்கலாம்: எடை ஏறியவர்தான் டயட்டுக்கு மாறுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பரிந்துரை 'நிபந்தனைக்குட்பட்டது' (அதாவது, உறுதி குறைந்தது) என்ற வகையில் வைக்கப்பட்டதும் இந்தக் குழப்பத்தால்தான்.

ஒரு சோதனையை மட்டும் கவனமாகப் படியுங்கள். 303 பேர், ஓராண்டு: டயட் குழு 6.2 கிலோ குறைத்தது, தண்ணீர்க் குழு 2.5 கிலோ. ஆனால் எல்லோரும் ஏற்கெனவே டயட் பானம் குடித்துப் பழகியவர்கள். தண்ணீர்க் குழு பழக்கத்தை விட வேண்டியிருந்தது, மற்றக் குழுவுக்கு அந்தச் சிரமமே இல்லை. பணம் கொடுத்தது அமெரிக்க பானத் தயாரிப்பாளர் சங்கம். 2012-ல் வந்த, 318 பேர் கலந்துகொண்ட ஆறு மாதச் சோதனையில் சர்க்கரை பானத்தை டயட்டாக மாற்றியவர்கள் 2.5 சதவீதமும் தண்ணீராக மாற்றியவர்கள் 2 சதவீதமும் குறைத்தார்கள். அது வித்தியாசமே இல்லை. 85 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ, அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

எடை மட்டுமே அளவு இல்லை என்பதையும் சேருங்கள். டென்மார்க்கில் 47 பேர் ஆறு மாதம் தினம் ஒரு லிட்டர் குடித்தார்கள். சர்க்கரை கோலா குடித்தவர்களுக்கு ஈரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்தது. டயட் கோலா, பால், தண்ணீர் குடித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

பதில் 3: தராசுமுள்

நடைமுறைக்கு: டயட்டைப் படிக்கட்டாக வையுங்கள். முதல் இரண்டு வாரம் பாதிப் புட்டி சர்க்கரை கோலா, பாதி டயட். பிறகு முழுக்க டயட். அதன் பின் ஒருநாள் விட்டு ஒருநாள் வெறும் சோடாவோ மோரோ. டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பல கடைகளில் சர்க்கரையை முதலிலேயே கிளாசில் போட்டுவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இயந்திர டீயில் பெரும்பாலும் பொடியோடு கலந்தே வரும், அதில் குறைக்க வழியில்லை. நாட்டுச் சர்க்கரைக்கு மாறினாலும் கலோரி ஏறக்குறைய அதேதான்.

லேபிளில் 950, 951, 955 என்ற எண்கள் இனிப்பூட்டிகள் (முறையே அசிசல்ஃபேம் கே, அஸ்பார்டேம், சுக்ரலோஸ்). எண்ணைப் பார்த்ததும் சர்க்கரை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் கலந்த பானங்கள் உண்டு. 'மொத்தச் சர்க்கரை' வரியைப் படியுங்கள், அது 100 மி.லி.க்கா புட்டிக்கா என்றும் பாருங்கள். ஃபினைல்கீட்டோனூரியா (ஃபினைல்அலனைன் என்ற புரதக்கூறை உடலால் சிதைக்க முடியாத பிறவிக் கோளாறு) உள்ளவர்கள் 951-ஐத் தொடக் கூடாது. டயட் பானத்திலும் அமிலம் இருப்பதால் பல் தேயும்.

ஒரு எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் டயட் கோலா உதவாது. அப்போது சாதாரண கோலா 150 மி.லி. வேண்டும், அதில்தான் 15 கிராம் சர்க்கரை கிடைக்கும்.

செங்காந்தள்: மிக்க நன்றி. கோலாவுக்குப் பதில் பழச்சாறு குடிக்கலாமா என்று கேட்பார்களே?

தராசுமுள்: சர்க்கரையே போடாத ஆரஞ்சுச் சாற்றிலும் 100 மி.லி.க்கு 8, 9 கிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் சாற்றின் சர்க்கரையையும் அந்த 50 கிராமுக்குள்தான் சேர்க்கிறது. கடை ஜூஸில் மேலே இரண்டு மூன்று ஸ்பூன் விழும். பழத்தை உரித்துத் தின்னச் சொல்லுங்கள். குடிக்கத்தான் வேண்டுமென்றால் உப்புப் போட்ட லெமன் சோடா.