நாலு நாய்க்கும் தெள்ளுப்பூச்சி மருந்து: செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி: ஒவ்வொன்றும் 15 கிலோ எடையுள்ள நாலு நாட்டு நாய்கள், ஒரு பூனை. கழுத்தில் விடும் சொட்டு மருந்து நாலுக்கும் மாதாமாதம் கட்டுப்படியாகவில்லை. பெரிய நாய்க்கான குப்பியைப் பிரித்து விடலாமா?

பதில் 1: வேண்டாங்க. அளவு குறைந்தால் தெள்ளு சாகாது, காசும் வீண். ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி 0.25% உள்ள ஸ்ப்ரேதான் பல நாய்களுக்குச் சிக்கனம். குட்டை முடிக்குக் கிலோவுக்கு 3 மி.லி. என்றால் ஒரு நாய்க்கு 45, நாலுக்கும் 180 மி.லி.; 250 மி.லி. பாட்டில் ஒன்றே போதும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், முடியை எதிர்த்திசையில் கோதித் தோல் நனையும்படி அடியுங்கள். முகத்தில் அடிக்காமல் கையுறையால் தடவுங்கள். காயும்வரை நக்க விடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. நாலுக்கும் ஒரே நாளில்! ஒன்றை விட்டால் அதிலிருந்தே மறுபடி பரவும்.

பதில் 2: பூனையை மறக்காதீங்க. அதற்குப் பூனைக்கென்றே விற்கும் மருந்துதான். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையின் உயிருக்கே ஆபத்து.

கேள்வி கேட்டவர்: மருந்து போட்டு ஒரு வாரம் கழித்தும் பூச்சி தெரிந்தால்?

பதில் 1: அது புதிதாகப் பொரித்தது. முட்டை உடம்பிலிருந்து உதிர்ந்து சாக்கு, பாய், தரை இடுக்கில் விழுகிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் தாங்கும், அதன்மேல் மருந்தும் அவ்வளவாக ஏறாது. அதனால் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவையுங்கள், தினமும் மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்யணும். நாயைச் சீவும்போது சீப்பில் வரும் கருந்துகளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளு இன்னும் இருக்கிறது.