டிசையரா, போலோ ஜிடியா? 5 லட்சத்துக்குள் பழைய கார் – கோவை

கொங்குசாலை:
வணக்கம். 5 லட்சத்துக்குள் பெட்ரோல் கார் பார்க்கிறேன். வீட்டில் நான்கு பேர், அப்பாவுக்கு முழங்கால் வலி. மாதம் 900 கி.மீ. ஓடும். அதில் பாதி அவிநாசி ரோடு நெரிசல். மாதம் ஒருமுறை கோத்தகிரியோ வால்பாறையோ உண்டு. இப்போது கையில் இருப்பவை இரண்டு:

டிசையர் விஎக்ஸ்ஐ மேனுவல், 2018, 62,000 கி.மீ., இரண்டாவது ஓனர், 4.9 லட்சம்.
போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2016, 48,000 கி.மீ., ஒரே ஓனர், கர்நாடகப் பதிவு, 4.6 லட்சம்.

ஓட்டிப் பார்த்ததிலிருந்து போலோ மேல்தான் மனசு. ஆனால் அதிலிருக்கும் டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனால் லட்சக்கணக்கில் செலவு என்று எல்லோரும் சொல்றாங்க. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

உலர்கிளட்ச்:
அவங்க சொல்றதில் பாதி உண்மை. அந்த போலோவில் இருப்பது டிக்யூ200 என்கிற டிஎஸ்ஜி வகை, ஏழு கியர், எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச். எண்ணெய்க் குளிர்ச்சி இல்லாததால் ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் சூடாகும், தேயும். பெரிய செலவு வைப்பது கிளட்ச் இல்லைங்க, எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சையும் கியரையும் இயக்குகிற மெக்கட்ரானிக் யூனிட். அதில் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் இருக்கும் இடத்தில் உறை விரிசல் விடும். எண்ணெய் கசியும், பம்ப் ஓயாமல் ஓடும், கடைசியில் அழுத்தமே ஏறாது. அப்போது வண்டி நடுரோட்டில் கியர் பிடிக்காமல் நிற்கும். புது யூனிட் லட்சத்தைத் தாண்டும். உறையை மட்டும் சரிசெய்து தருகிற கியர்பாக்ஸ் பட்டறைகளும் இருக்கு, அங்கே செலவு குறைவு.

பார்க்கும் முறை: காலையில் போங்க, அதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வையுங்க. பானெட்டில் கை வைத்துப் பாருங்க, சில்லென்று இருக்கணும். சமதரையில் டி-யில் போட்டு பிரேக்கை விட்டால் ஆக்சிலேட்டர் தொடாமலே சீராக நகரணும். 20 கி.மீ. வேகத்துக்குள் மெதுவாக மிதித்து 1-லிருந்து 2, 2-லிருந்து 3 மாறும்போது கவனியுங்க. உடம்பு அதிர்கிற மாதிரி ஒரு நடுக்கம் வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கு. பிறகு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்க. பல வண்டிகள் குளிர்ச்சியாக இருக்கும்போது நல்ல பிள்ளை, சூடானதும்தான் குணம் தெரியும். பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவில் ரிவர்ஸில் ஏற்றியும் பாருங்க.

கடைசியாக, விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வாகன் வண்டிகளின் கோளாறைப் படிக்கும் ஸ்கேன் கருவி) வைத்திருக்கும் பட்டறையில் கியர்பாக்ஸ் மாட்யூலை மட்டும் தனியாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்க. பி17பிஎஃப், பி189சி என்ற எரர் கோடு (பழுதுக் குறியீடு) இரண்டில் ஒன்று வந்தாலும் அந்த வண்டி வேண்டாம். இரண்டுமே மெக்கட்ரானிக் அழுத்தக் குறைவைச் சொல்பவை.

நாலுபோல்ட்:
கியர்பாக்ஸுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க சார். கர்நாடக வண்டி என்றால் அங்கே ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்டணும், அப்புறம்தான் டிஎன் நம்பர். கடன் இருந்திருந்தால் கடன் முடிந்ததைச் சொல்லும் வங்கியின் படிவம் 35-ம் வேணும். இந்த வரி 4.6 லட்சத்தில் அடங்காது. போலோ விலை குறைவாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விலை பேசும் முன்பே வரித் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்க.

டிசையரில் வேறொரு ஆபத்து: டாக்ஸியாக ஓடிய வண்டி வெள்ளை போர்டுக்கு மாறியிருக்கும். ஆர்.சி. விவரத்தில் முந்தைய வகை என்ன என்று பாருங்க. ஆக்சிலேட்டர் பெடலுக்கு மேலே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்க, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய இடத்தில் வெட்டி டேப் சுற்றிய ஒயர் தொங்கும். 62,000 ஓடிய வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பரின் கோடுகள் இன்னும் தெரியணும். வழுவழுவென்று ஆகியிருந்தால் மீட்டர் பொய் சொல்லுது. டயர் ஓரத்தில் அது தயாரான வாரத்தைச் சொல்லும் நாலு இலக்கம் இருக்கும், 2418 என்றால் 2018-ன் 24-வது வாரம்.

அப்பா விஷயம்: டிசையர், போலோ இரண்டுமே தாழ்வான சீட். பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கிற மாதிரி நினைத்து பின்கதவைப் பாதி மட்டும் திறந்து, அவரை ஏறி இறங்கச் சொல்லுங்க. போலோவில் பின்சீட் முழங்கால் இடம் குறைவு, இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அவர் உட்கார்ந்து பார்ப்பதே சரி. டிக்கி டிசையரில் 378 லிட்டர், போலோவில் 280.

பாதுகாப்பில் மட்டும் போலோ முன்னே. 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் உள்ள போலோவுக்கு 4 நட்சத்திரம். டிசையரின் அதே தளத்தில் வந்த ஸ்விஃப்டுக்கு 2018-ல் 2.

கொங்குசாலை:
இரண்டு பேருக்கும் நன்றி. ஓட்டவும் நல்லா இருக்கணும், டிஎஸ்ஜி பயமும் வேண்டாம் என்றால் மூன்றாவது வண்டி ஏதாவது இருக்கா?

மலைப்பாதை:
மாருதியின் பலேனோ ஆர்எஸ் தேடுங்க. 2017 முதல் 2020 தொடக்கம் வரைதான் விற்றார்கள். 1.0 டர்போ, 102 பிஎஸ், 150 என்எம், ஐந்து கியர் மேனுவல், நாலு சக்கரத்திலும் டிஸ்க், 339 லிட்டர் டிக்கி. பின்சீட்டில் அப்பா காலை நீட்டி உட்காரலாம். எடை ஒரு டன்னுக்கும் குறைவு, கொண்டை ஊசி வளைவில் திரும்பி வெளியே வரும்போது இரண்டாவது கியரிலேயே இழுக்கும். வால்பாறைக்குப் போகிறவருக்கு வேண்டியது இதுதான்.

எடுக்கும் முன் ஒன்று: பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் கோளாறுக்காக 2023 ஏப்ரலில் 7,213 ஆர்எஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று சொல்வார்கள். முடியாவிட்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும் வாய்ப்பு உண்டு, மலை இறக்கத்தில் அது உயிர் விஷயம். பாடி, சஸ்பென்ஷன் சாமான் சாதாரண பலேனோவோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். டர்போ பக்கத்துச் சாமானுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

கிடைக்கவில்லை என்றால் 2018 முதல் 2020 வரை வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் மேனுவல். இன்ஜின் நீங்க பார்த்த டிசையரில் இருக்கும் அதே 1.2, 83 பிஎஸ். ஓட்டும் சுகம் மட்டும் ஒரு படி மேல்.

உலர்கிளட்ச்:
மலைப்பாதை சொன்னதை ஏற்கிறேன். பாதி ஓட்டம் அவிநாசி ரோட்டில் என்கிறவருக்கு உலர் கிளட்ச் சரிவராது. இருந்தும் போலோதான் என்றால், வாங்கின பிறகு கையில் 1.25 லட்சம் தனியாக மீதி இருக்கணும், இல்லாவிட்டால் வேண்டாம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிக்காதீங்க, பிரேக் மட்டும். நெரிசலில் முன் வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகராமல் நாலைந்து மீட்டர் இடைவெளி விழவிட்டு ஒரே மூச்சில் போங்க.

ஸ்கேன் பற்றி இன்னொன்று. முந்தின நாளே எரர் கோடுகளை அழித்துவிட்டுக் காட்டுகிறவர்கள் உண்டு. இன்ஜின் மாட்யூலில் ரெடினெஸ் சோதனைகள் (வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடியவில்லை என்று வந்தால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள். நெரிசலும் ஏற்றமும் சேர்ந்த பாதையில் 30 கி.மீ. ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமலே மறுபடி ஸ்கேன் போடச் சொல்லுங்க.