லெக்சர் ரெக்கார்டிங் பிளேயரில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்

செவிவழி:
எம்.எஸ்சி. புள்ளியியல், இரண்டாம் ஆண்டு. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. விண்டோஸ் லேப்டாப்பில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் படிப்பு, அரட்டை எல்லாம்.

எங்கள் பல்கலைக்கழகம் இந்தப் பருவத்தில் புது ரெக்கார்டிங் மென்பொருளுக்கு மாறியது. பழையதில் வகுப்பை டவுன்லோட் செய்து, பாட்டுக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். புதியதில் டவுன்லோட் கிடையாது, அவர்களுடைய பிளேயரில்தான் கேட்க வேண்டும். அந்தப் பிளேயரில் டேப் தட்டினால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று 9 முறை வருகிறது. எது என்ன பட்டன் என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சரி என்று ஒருநாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். மூன்றாவது பிளே, ஐந்தாவது 10 நொடி பின்னால், ஆறாவது வேகம். போன வாரம் அப்டேட் வந்து முன்னால் எங்கோ ஒரு புதுப் பட்டனைச் செருகிவிட்டார்கள். இப்போது வரிசை ஒன்று தள்ளிப்போய்விட்டது. கொஞ்சம் பின்னால் போகலாம் என்று ஆறாவதை அழுத்துவதற்குப் பதில் ஏழாவதை அழுத்தினேன், பேராசிரியர் இரண்டு மடங்கு வேகத்தில் பேய்பேயென்று பேச ஆரம்பித்தார். நிறுத்தத் தெரியாமல் லேப்டாப்பையே மூடினேன்.

நேரக்கோடு மவுஸால் இழுத்தால்தான் நகரும். 50 நிமிட வகுப்பில் 38ஆம் நிமிடத்துச் சூத்திரம் ஒன்றை மறுபடி கேட்க வேண்டுமென்றால், முதலிலிருந்து கேட்டு வர வேண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. செமினாரை நாங்களே இதில் ரெக்கார்ட் செய்து கொடுக்க வேண்டும். மைக் வேலை செய்கிறதா என்பதற்கு ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடுதான் அடையாளமாம். மைக் அணைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. 12 நிமிடம் காற்றோடு பேசிவிட்டு, "அருமையாக வந்திருக்கும்" என்ற நினைப்பில் அனுப்பியும் வைத்தேன்.

உதவி மையத்தில் கேட்டால், "மவுஸைப் பட்டன் மேல் கொண்டுபோய் வைத்தால் பெயர் தெரியுமே" என்று பதில்.

இரண்டு கேள்வி. தேர்வுவரை எப்படிச் சமாளிப்பது? அப்புறம், எப்படி எழுதினால் இவர்கள் காதில் விழும்?

பழைய_ஒயர்:
வேறொரு பல்கலைக்கழகத்தின் ஊடகப் பிரிவில் 14 வருடமாக ரெக்கார்டிங் வேலை பார்க்கிறேன். அந்த உதவி மையப் பதிலுக்கு எங்கள் இனத்தின் சார்பில் வெட்கப்படுகிறேன்.

முதலில் சமாளிக்கும் வழி. பிளேயருக்கு ஏதாவது குறுக்குவிசை இருக்கிறதா என்று அதன் உதவிப் பக்கத்தில் தேடுங்கள் தங்கச்சி. இருந்தும் வேலை செய்யாததுபோல் தோன்றலாம். உதாரணமாக 'கே' அழுத்தினால் பிளே என்று அவர்கள் வைத்திருப்பார்கள். அதை என்விடிஏ நடுவழியில் பிடித்து "அடுத்த லிங்க்" என்று எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் என்விடிஏ விசையோடு எஃப்2, பிறகு அந்த எழுத்து. அந்த ஒரு முறை மட்டும் விசை நேராகப் பிளேயருக்குப் போகும். அடிக்கடி தேவையென்றால் என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் தட்டி ஃபோகஸ் நிலைக்கு மாறிவிடுங்கள்.

நேரக்கோட்டுக்குப் பதில், பேச்சை வரிவரியாக எழுத்தில் காட்டும் எழுத்துவடிவப் பலகையைத் திறந்து பாருங்கள். பல பிளேயர்களில் அதன் ஒவ்வொரு வரியும் ஒரு லிங்க். வரியில் என்டர் தட்டினால் வீடியோ அந்த இடத்துக்குத் தாவும். சூத்திரத்தின் பெயரைத் தேடிப் போய்விடலாம்.

டவுன்லோட் விஷயத்தை அப்படியே நம்பாதீர்கள். இந்த வகை மென்பொருள்களில் அதைத் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் நிர்வாகியின் கையில் இருக்கும். "எனக்கு மட்டும் ஆடியோ டவுன்லோட் திறந்துவிடுங்கள்" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

செமினாருக்கு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் குரலைப் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டு, ஸ்லைடைத் தனிக் கோப்பாகச் சேர்த்துக் கொடுக்க அனுமதி வாங்குங்கள்.

இனி புகார். "மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்ததாக இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு ஃபைலில் போடுவார்கள். பிழை அறிக்கையாக எழுதுங்கள்: எந்தப் பக்கம், என்ன பிரவுசர், எந்த விசை, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும். இணையப் பக்கங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்பட வேண்டும் என்பதற்கான சர்வதேச வழிகாட்டி டபிள்யூசிஏஜி. பட்டனுக்குப் பெயர் இல்லாதது அதில் விதி 4.1.2. விசைப்பலகையால் நகராத நேரக்கோடு 2.1.1. இரண்டுமே 'ஏ' நிலை, அதாவது அடிமட்டம். 2008இல் வந்த 2.0 பதிப்பிலேயே உண்டு. இழுக்காமலும் நகர்த்த வழி வேண்டும் என்ற 2.5.7 மட்டும் 2023இல் வந்த 2.2இல் சேர்ந்தது. பட்டனுக்குப் பெயர் வைக்க நிரலாளருக்குப் பட்டனுக்கொரு வரி போதும், மலையைப் புரட்ட வேண்டியதில்லை.

பல்கலைக்கழகம் மென்பொருளை வாங்கும்போது விற்ற நிறுவனம் தந்த அணுகல்தன்மை அறிக்கையையும், அதாவது எந்தெந்த விதிக்கு ஆதரவு உண்டு என்ற பட்டியலையும், கேட்டு வாங்குங்கள். 4.1.2க்கு நேராக "ஆதரவு உண்டு" என்று எழுதியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

முக்கியமானதை மறந்துவிட்டேன். என்விடிஏ மெனுவில் கருவிகள் பகுதியில் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. அது பேசுவதையெல்லாம் திரையில் எழுத்தாகக் காட்டும். அதை அப்படியே காப்பி செய்து புகாரில் ஒட்டுங்கள். உங்களுக்குக் கேட்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

பாதிக்காது:
பேரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம், எனக்குப் பாதிக் காதுதான் கேட்கும். நான் எதிர்க்கரையில் இருக்கிறேன். எனக்குப் பிளேயர் பிரச்சினை இல்லை, சப்டைட்டில்தான் எமன்.

"தானியங்கி சப்டைட்டில் 95 சதவீதம் சரி" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நிமிடத்துக்கு 130 சொல் என்று வைத்தால் 50 நிமிடத்தில் 6,500 சொல். அதில் 325 தப்பு. அந்த 325இல் ஒன்று "இல்லை"யாக இருந்தால் போதும். "கருதுகோளை நிராகரிக்க முடியாது" என்று அவர் சொன்னது எனக்கு "நிராகரிக்க முடியும்" என்று வந்தது. நான் அதையே படித்து, அதையே எழுதினேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் வகுப்பென்றால் கேட்கவே வேண்டாம், தமிழ் வரும் இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்களாகக் கொட்டும்.

ஒயர் அண்ணா, ஒரு கேள்வி. கடைசி வரிசையில் யாராவது சந்தேகம் கேட்டால் மைக்கில் விழுவதே இல்லை. ஆசிரியர் "ஆமாம், ஆனா நீ சொன்ன ரெண்டாவது கேஸ்ல மட்டும்" என்கிறார். என்ன கேஸ்? செவிவழிக்கும் அது கேட்காது, எனக்கும் வராது. இதற்கு என்ன விதி எண்?

பழைய_ஒயர்:
அதற்கு விதி எண் தேட வேண்டாம் தம்பி. கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொன்னால் தீர்ந்தது.

சாக்பீஸ்:
நான் அந்த ஆசிரியர் கட்சி. கணிதம் நடத்துகிறேன்.

போன வருடம் பார்வையற்ற மாணவர் ஒருவர், "சார், உங்க வகுப்பில் நிறைய 'இது' வருது" என்றார். புரியவில்லை. வீட்டில் என் ரெக்கார்டிங்கைப் போட்டு, திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். "இது இங்க வருது, இத இதால வகுத்தா அது போயிடும்." 20 நிமிடத்தில் 60 'இது' எண்ணியதும் நிறுத்திவிட்டேன். என் பாடம் எனக்கே புரியவில்லை.

இப்போது "பின்னத்தின் மேலே எக்ஸ் கழித்தல் மியூ, கீழே சிக்மா" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. பார்வையுள்ள பிள்ளைகளும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கிறது என்கிறார்கள், நான் கேட்காமலே.

ஆனால் சப்டைட்டில் திருத்துவதை எங்கள் தலையில் கட்டாதீர்கள். ஒரு மணி நேர வகுப்பைத் திருத்த எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போகிறது. அதற்கு ஆள் போடுவது நிர்வாகத்தின் வேலை.

பாதிக்காது:
ஒத்துக்கொள்கிறேன் சார். ஆள் போடும்வரை "முடியாது" வரும் இடங்களையாவது பார்த்துவிடுங்கள்.

செவிவழி:
எல்லோருக்கும் நன்றி. நிலவரம் இது.

எஃப்2 வழி வேலை செய்தது, ஸ்பேஸுக்கு மட்டும். எழுத்துவடிவ வரிகள் லிங்க்தான்! 38ஆம் நிமிடத்துக்கு ஒரே தட்டில் போனேன், அங்கே பேராசிரியர் "இதுலேருந்து இது வரும்" என்றார். சாக்பீஸ் சார், உங்கள் பதிவை அவருக்கு அனுப்பலாமா?

ஆடியோ டவுன்லோட் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. செமினாரை ஆடாசிட்டியில் பதிந்து மறுபடி கொடுக்க அனுமதி கிடைத்துவிட்டது.

புகாரில் ஸ்பீச் வியூவரிலிருந்து எடுத்ததை ஒட்டி அனுப்பினேன். மறுநாளே பதில்: "நீங்கள் காப்பி செய்ததில் ஏதோ தவறு நடந்திருக்கிறது, 'பட்டன்' என்று பத்து முறை வந்திருக்கிறது. சரிபார்த்து அனுப்பவும்."

தவறில்லை, அதுதான் உங்கள் பிளேயர் என்று எழுதினேன். வியாழக்கிழமை லேப்டாப்போடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஹெட்போன் எடுத்துப் போக மாட்டேன், ஸ்பீக்கரில் போட்டுக் காட்டப்போகிறேன்.