பொருள்: அபாக்கவிர் அட்டை – ‘ஹைப்பர்சென்சிட்டிவிட்டி ஸ்கிரீனிங்’ தமிழில்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், எச்ஐவிக்கு அபாக்கவிர் மாத்திரை தொடங்குவோருக்கான எச்சரிக்கை அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த மருந்து கடுமையாக ஒவ்வாமல் போகும் ஆபத்தைக் கூட்டும் எச்எல்ஏ-பி*57:01 மரபணு வகை இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்கும் சோதனைக்கு வரைவில் ‘மிகையுணர்திறன் மரபணுத் திரையிடல்’ என்று இருக்கிறது. சரிதானா?

தமிழாசிரியர்:
திரையிடல் வேண்டவே வேண்டாம். அது படம் காட்டுவது. சலித்தெடுப்பது என்ற பொருளில் ‘சலிப்பு’ என்றால் அலுப்பாகிவிடும். ‘தெரிசோதனை’ என்க. குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் தெரிதல் ஆராய்ந்து எடுப்பதே. வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

மருந்தாளுநர்:
ஐயா, இதைப் படிப்பவர் காய்ச்சலோடு நள்ளிரவில் படிப்பார். தெரிதல் அவருக்குக் கண் தெரிவதுதான். ‘மிகையுணர்திறன்’ என்றால் சட்டென்று மனம் நோகும் சுபாவம் என்று எடுத்துக்கொள்வார். வெறும் ‘ஒவ்வாமை’ என்றாலோ, அரிப்புதானே என்று செட்ரிசின் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு அபாக்கவிரைத் தொடர்வார். இங்கே வருவது பெரும்பாலும் முதல் 6 வாரத்துக்குள்: காய்ச்சல், தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் எனச் சேர்ந்து வந்து வேளைக்கு வேளை கூடும். நிறுத்தினால் தணியும். தணிந்துவிட்டதே என்று மறுபடி ஒரு மாத்திரை விழுங்கினால் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ‘கடும் மருந்து ஒவ்வாமை’ என்று போடுங்கள்.

ஆய்வக நுட்புநர்:
சோதனை ஒவ்வாமையைப் பார்ப்பதில்லை, மரபணு வகையைத்தான். 2008இல் வெளியான பிரெடிக்ட்-1 ஆய்வில் (1,956 பேர்) முன்பே சோதித்து, வகை உள்ளோருக்கு அபாக்கவிர் தராத குழுவில், தோல் ஒட்டுச் சோதனையில் உறுதியான ஒவ்வாமை ஒருவருக்கும் இல்லை. மற்றக் குழுவில் 2.7%. ஆனால் வகை உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே வரும். ‘மருந்துப் பொருத்தச் சோதனை’ என்றால்?

மருந்தாளுநர்:
சிறுநீரக மாற்றுக்கும் எச்எல்ஏதானே பார்க்கிறோம்? அங்கே ‘திசுப் பொருத்தம்’ என்பது ஊன்றிவிட்டது. குழம்பும்.

ஏஆர்டி (எச்ஐவி மருந்துச் சிகிச்சை) ஆலோசகர்:
பெயரைவிட முடிவைக் கவனியுங்கள். இவர்கள் காதில் ‘பாசிட்டிவ்’ என்றால் எச்ஐவிதான். ‘நெகட்டிவ்’ என்று தாள் கொடுத்தால், எச்ஐவி போய்விட்டது என்று எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவார். இப்படி எழுதுங்கள்: ‘57:01 உண்டு – அபாக்கவிர் சேர்ந்த எந்த மாத்திரையும் எப்போதும் கூடாது.’ ‘57:01 இல்லை – தொடங்கலாம், காய்ச்சலும் தடிப்பும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுக.’

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. உண்டு/இல்லை அப்படியே போகிறது. ‘கடும் மருந்து ஒவ்வாமை’யும், சோதனைக்குப் பெயராக நான் எண்ணும் ‘அபாக்கவிர் முன்சோதனை’யும் பெரும்பாலோர்க்குச் சம்மதம் என்று கொள்கிறேன்.

தமிழாசிரியர்:
எனக்குச் சம்மதமில்லை. சர்க்கரை பார்ப்பதும் முன்சோதனைதான். ஆராய்ந்து பிரித்தெடுக்கும் பொருள் அதில் எங்கே? அடுத்த பதிப்பிலாவது ‘தெரிசோதனை’யைப் பாருங்கள்.